மணற்பெட்டியும் ஓலைத் தடுக்கும்: எமது பாலர் வகுப்பின் கைவேலை வரலாறு

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டியபோது ஒரு குறை எமக்குத் தென்பட்டது. பரீட்சைப் பெறுபேறுகள் பக்கம் பக்கமாக உள்ளன. வலைப்பந்தாட்டத்துக்கும் நாடகத்துக்கும் பண்ணிசைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் உரிய இடம் உண்டு. பாலர் வகுப்பின் கைவேலை பற்றி மட்டும், பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன, பெற்றோர் பாராட்டினர் என்ற அளவில் ஒரு வரிதான். சில ஆண்டுகளில் அந்த வரியும் இல்லை.

ஆனால், பாலர் வகுப்பில் உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று பழைய மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். ரொறன்ரோவில் இருப்பவரும் மட்டக்களப்பில் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஈரக் களிமண்ணின் மணம், விரலில் ஒட்டிக் காய்ந்த கோதுமைமாப் பசை, வெண்டிக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அடித்த பூ, பூவரசம் இலையைச் சுருட்டி ஊதிய பீப்பீ. எந்த நாளில் 'அ' எழுதப் பழகினோம் என்பது எவருக்கும் நினைவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைப் பாலர் பிரிவுக்கு ஒதுக்குவது என்று செயற்குழு தீர்மானித்ததும், அதை எதற்குச் செலவிடுவது என்ற விவாதம் எழுந்தது. தொடுதிரைப் பலகையும் அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்களும் வேண்டும் என்றார் சிலர். மண்ணும் தண்ணீரும் புழங்கக்கூடிய ஒரு கூரைக்கொட்டகை போதும் என்றார் வேறு சிலர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. முடிவெடுக்குமுன், சின்னப் பிள்ளைகளின் கைவேலை எமது பாடசாலைகளுக்குள் எப்படி வந்தது, ஏன் வந்தது என்பதை அனைவரும் அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

மணல் போய் வந்த பயணம்

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது எமது சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தார்கள். அதற்கு முந்திய தலைமுறைகள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதியே அரிவரி படித்தன. எழுத்தின் வடிவம் முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும், எழுத்தாணி பிறகு வரலாம் என்பதே அந்த முறை. மணலில் பிழைத்தால் அழிக்க ஒரு தடவல் போதும். செலவும் இல்லை, அவமானமும் இல்லை.

இந்த மணல் கடல் கடந்து போய் வந்த கதை பலருக்குத் தெரியாது. 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக வந்தவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். அதைத் தம் விடுதியில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதை விரும்பாததால், எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்தே சின்னவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். எமது சட்டாம்பிள்ளை முறையும் மணலெழுத்தும் சேர்ந்து 1797 இல் இலண்டனில் ஒரு நூலாக வெளிவந்தன. பின்னர் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளில் மணல் மேசைகள் வைக்கப்பட்டன.

அப்படிப் போன மணல் பிற்காலத்தில் மேல்நாட்டுப் பாலர் கல்வியின் உபகரணமாக, மரச்சட்டம் போட்ட பெட்டியில், எமது வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. எமது மணற்பெட்டியை வெளிநாட்டு முறை என்று எண்ணிப் பெருமைப்பட்ட காலமும் உண்டு. பாட்டிமார் முற்றத்து மணலில் எழுதிப் படித்ததை அப்போது நாம் கணக்கில் எடுக்கவில்லை.

ஊசியும் நூலும்

பெண்கள் பாடசாலையில் கைவேலை என்றால் நெடுங்காலம் ஊசிவேலைதான். 1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலந்தொட்டு, வாசிப்போடும் வேதபாடத்தோடும் தையலும் நடந்தது. பெண்பிள்ளை படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்ட பெற்றோருக்குத் தையல் ஒரு விடையாக இருந்தது. படிப்பு வேண்டாம் என்றவர்களும் தையலுக்கு மறுப்புச் சொல்லவில்லை. அந்த வகையில் எழுத்தறிவுக்குக் கதவு திறந்து விட்டதில் ஊசிக்கும் பங்குண்டு. அதற்கு நாம் நன்றி உடையவர்கள்.

ஆனால் ஊசிவேலைக்கு ஒரு கண்டிப்பான அளவுகோல் இருந்தது. துணியின் பின்பக்கமும் முன்பக்கம் போலத் துப்புரவாக இருக்க வேண்டும். கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது நல்ல பயிற்சி. அதே அளவுகோலை நாலு வயதுப் பிள்ளையின் களிமண் யானைமேல் வைத்ததுதான் எமது கைவேலை வரலாற்றில் நேர்ந்த பெரிய தவறு என்று இப்போது தோன்றுகிறது.

கடதாசித் தடுக்கு

பாலர் கைவேலை என்ற எண்ணம் வேறொரு வழியால் வந்தது. ஜேர்மனியில் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் பிரெடெரிக் புரோபெல் 1837 இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840 இல் அதற்குக் கிண்டர்காடின், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அவர் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தது புத்தகம் அல்ல. ஆறு நிறங்களில் கம்பளி நூற்பந்துகள், அடுத்து மரத்தாலான உருண்டையும் கனமும் உருளையும், பின்னர் பிரித்துச் சேர்க்கக்கூடிய மரக்கட்டைகள். இவற்றோடு கடதாசி மடித்தல், கீற்றுகளைப் பின்னுதல், துளையிட்டுத் தைத்தல், களிமண் பிடித்தல் முதலிய வேலைகளையும் வகுத்தார். இந்த முறையில் நாத்திகம் கலந்திருப்பதாக ஐயுற்ற பிரஷ்ய அரசு 1851 இல் அதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே புரோபெல் காலமானார். 1860 இல் தடை நீங்கியதை அவர் காணவில்லை. அதற்குள் அவரிடம் பயின்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த முறையை வேறு நாடுகளுக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள்.

இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளில் அடி வகுப்புகள் கிண்டர்காடின் என்றே அழைக்கப்பட்டன. எமது கல்லூரியிலும் கீழ்ப் பாலர், மேற் பாலர் என்று இரண்டு வகுப்புகள் இருந்தன. மூத்த சகோதரிகள் நினைவுகூரும் கைவேலைகளில் முதலாவது கடதாசித் தடுக்கு. ஒரு தாளில் நெடுக வெட்டு வைத்து, வேறு நிறக் கீற்றை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகச் செருகி வருவது. அடுத்த வரியில் மேலது கீழாக, கீழது மேலாக மாற வேண்டும். இரண்டு வரி சரியாகச் செய்த பிள்ளைக்கு ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும் தெரிந்துவிட்டன, பெயர்தான் தெரியாது. சதுரத் தாளைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கும் பிள்ளைக்கு அரைவாசியும் காற்பங்கும் விரலிலேயே விளங்கும்.

புரோபெல் கடதாசியில் செய்ததை எங்கள் அம்மம்மாமார் வீட்டு விறாந்தையில் பனையோலையில் செய்தார்கள். குருத்தோலையை வார்ந்து, ஈரம் காயுமுன் தடுக்கும் பெட்டியும் இழைத்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு மிஞ்சிய சார்களைக் கொடுத்து ஓலைப் பாம்பும் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்து காட்டினார்கள். எமது பாலர் வகுப்பு ரீச்சர்மாரில் யாரோ ஒருவர், எப்போது என்று பதிவில்லை, கடதாசியை வைத்துவிட்டு ஓலையை எடுத்தார். அதன் பின் நுங்குக் கோம்பை வண்டிச் சில்லானது. சிரட்டை தராசுத் தட்டானது. புளியங்கொட்டையும் மஞ்சாடியும் எண்ணவும் ஒட்டவும் பயன்பட்டன. அழகாக இருக்கிறதென்று வீட்டிலிருந்து குன்றிமணி கொண்டுவந்த பிள்ளையிடம் ரீச்சர் அதை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. குன்றிமணி நஞ்சு. எது பிள்ளையின் கையில் இருக்கலாம், எது கூடாது என்ற அறிவும் அந்த ரீச்சர்மாரின் தொழிலறிவில் ஒரு பகுதி.

கண்காட்சி மேசை

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வருடாந்தக் கண்காட்சியில் பாலர் வகுப்பு என்று எழுதி வைக்கப்பட்ட பொருட்கள் பல பாலர் செய்தவை அல்ல. காது கோணிய முயலை ரீச்சர் நிமிர்த்தினார். பூக்களை மேல்வகுப்பு அக்காமார் வெட்டினார்கள். பெட்டியின் விளிம்பை இரவிரவாக அம்மா கட்டி அனுப்பினார். பிரமுகர் வந்து வியந்து பார்த்த மேசைக்கு முன்னால், எமது பெயர் எழுதிய பொருளை எம்முடையது என்று அடையாளம் காண முடியாமல் நின்றிருக்கிறோம். பாராட்டு வந்தபோது சிரிப்பதா, பேசாமல் நிற்பதா என்று தெரியவில்லை.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. முடிந்த பொருளை மட்டும் பார்க்கும் கண்ணுக்குக் கோணல் முயல் ஒரு குறைதான். ஆனால் களிமண்ணை உருட்டி, கை வழுக்கி, காது விழுந்து, தண்ணீர் தொட்டு மறுபடி ஒட்டிய அந்த அரை மணித்தியாலமே பாடம் என்பதை அறிந்தவருக்கு அந்தக் கோணலில்தான் பிள்ளையின் வேலை தெரியும். களிமண்ணை உருட்டும்போது உள்ளங்கை பலப்படுகிறது. கடதாசியைக் கிழிக்கும்போதும் மணி கோக்கும்போதும் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கப் பழகுகின்றன. பென்சில் பிடிப்பதற்குத் தேவையானதும் அதே பிடிதான்.

மொண்டிசோரி அம்மையார் வந்த காலம்

இதே கருத்தை உலகம் கேட்கும்படி சொன்னவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி. 1907 இல் உரோமாபுரியின் சான் லொறென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவர் தொடங்கிய பிள்ளைகள் இல்லத்தில், எழுதுமுன் விரலால் தடவிப் பார்ப்பதற்கு மட்காகித எழுத்துகள் இருந்தன. பிள்ளை தானே ஊற்றி, துடைத்து, பொத்தான் பூட்டிப் பழக உபகரணங்கள் இருந்தன. பிள்ளை செய்யும்போது குறுக்கிடக் கூடாது என்பது ஆசிரியருக்கான முதல் விதி.

1939 இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப்போர் மூண்டிருந்ததாலும் இத்தாலியராக இருந்ததாலும் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தப் பகுதியிலேயே தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். எமது நாட்டில் அவர் பெயர் ஊன்றிய விதம் வேடிக்கையானது. முறை எதுவானாலும், சுவரில் மிக்கி மவுஸ் வரைந்த எந்தச் சிறு பள்ளியும் மொண்டிசோரிதான். பெயர் பரவிய அளவுக்கு அந்த முதல் விதி பரவவில்லை.

எமது கல்லூரியில் விலையுயர்ந்த மரக்கருவிகள் வாங்க வசதி இருக்கவில்லை. பித்தளைச் செம்பிலிருந்து மூக்குப்பேணிக்குத் தண்ணீர் ஊற்றினோம். அரிசியிலிருந்து உழுந்தைப் பொறுக்கிப் பிரித்தோம். பழைய சட்டையின் பொத்தான்களைப் பூட்டிக் கழற்றினோம். செய்து முடித்தபின் வீட்டுக்குக் கொண்டு போவதற்கு எதுவும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய் என்று கேட்ட அப்பாவுக்குக் காட்ட வெறுங்கைதான்.

கடதாசி இல்லாத காலங்கள்

கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தம் 1945 இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியைக் கொண்டு வந்தது. பாலர் வகுப்பும் அரசின் பொறுப்பாக இருந்தது என்பதை இன்றைய இளந்தாய்மார் கவனிக்க வேண்டும். 1972 இன் மாற்றத்தில் பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறுக்கு உயர்ந்தது. கீழ்ப் பாலரும் மேற் பாலரும் மறைந்தன. ஐந்து வயது பின்னர் மீண்டு வந்தபோதும் அந்த வகுப்புகள் திரும்பவில்லை. முதலாம் ஆண்டுக்கு முந்திய காலம் சர்வோதயம் போன்ற இயக்கங்களிடமும் கோயில்களிடமும் தேவாலயங்களிடமும் தனியாரிடமும் போயிற்று. எமது கல்லூரிக்கு அருகே பாலர் பிரிவு தொடர்வது, பெற்றோரும் இச்சங்கமும் கொடுத்த பணத்தினால்தான். பெற்றோர் பணம் கொடுக்கும் இடத்தில் பெற்றோர் கேட்பதே நடக்கும் என்பதையும் மறக்க முடியாது.

இந்த நூறு ஆண்டுகளில் கடதாசி அரிதான காலங்கள் பல. உலகப்போர்க் காலம் ஒன்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய எழுபதுகள் மற்றொன்று. 1990 க்குப் பின் வடக்கின் மேல் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. கொப்பிகளும் பென்சில்களும் பெரிய வகுப்புகளுக்கே போதவில்லை. அப்போது பாலர் வகுப்பு நின்றுவிடவில்லை. ரீச்சர்மார் குளத்துக் களிமண்ணுக்கும் ஓலைக்கும் மணலுக்கும் திரும்பினார்கள். மஞ்சளும் செங்கற்றூளும் அடுப்புக்கரியும் முருங்கையிலைச் சாறும் நிறங்கள். விளாம்பிசின் பசை. தென்னம்பாளையின் நுனியைத் தட்டி நாராக்கினால் தூரிகை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அந்த இடப்பெயர்வில் எமது பிள்ளைகள் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களில் இருந்தார்கள். கூடச் சென்ற ரீச்சர்மார் சிலர் அந்த நிழல்களிலேயே பாலரைச் சேர்த்து மணலில் விரலால் எழுத வைத்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய இடத்துக்கே நாம் வந்து சேர்ந்திருந்தோம். வேறெதுவும் கையில் இல்லாத இடத்திலும் அது வேலை செய்தது.

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை எமது சகோதரிகள் சிலர் அறிவார்கள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே மண்ணோடும் நிறங்களோடும் நாடகத்தோடும் இருந்தார்கள். அவர்கள் பாலரைவிட மூத்தவர்கள். ஆயினும், பேச முடியாததைக் கை செய்யும் என்று அங்கே கண்டதை எமது ரீச்சர்மார் மரநிழலிலும் கண்டார்கள். விமானம் வரைந்த பிள்ளையிடம் வேறு ஏதாவது வரையச் சொல்லாமல், அந்த விமானத்தை முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த ரீச்சர்மாருக்கு இந்த மலரில் ஒரு வணக்கம்.

2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது நாடே திகைத்தது. எமக்கு அது புதிதாக இருக்கவில்லை.

இன்றைய மேசை

இன்று பாலர் பிரிவுக்குப் போனால் கடதாசிக்குக் குறைவில்லை. புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் தாள், அச்சிட்ட அன்னாசிக்குள் மஞ்சள் தீட்டும் தாள், வெட்டித் தந்த துண்டுகளை அம்புக்குறி காட்டும் இடத்தில் ஒட்டும் தாள். இருபது பிள்ளைகளின் அன்னாசியும் ஒன்றுபோல இருக்கிறது. கோப்பு தடித்தால் பெற்றோருக்குத் திருப்தி. நாலு வயதில் எழுதாவிட்டால் முதலாம் ஆண்டில் பின்தங்குவான், பிறகு புலமைப்பரிசிலில் தவறுவான் என்ற பயம் அந்தக் கோப்புக்குள் இருக்கிறது.

அந்தப் பயம் எங்களுடையதும்தான். தாய்மாராகவும் அம்மம்மாமாராகவும் வாசலில் நின்று, இன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்டவர்கள் நாங்கள். களிமண் பட்ட சட்டைக்காக ரீச்சரிடம் முறையிட்டவர்களும் எம்மிடையே உண்டு. அரச பாடத்திட்டமோ இந்தப் பயத்தைக் கேட்கவில்லை. 1999 இல் நாடெங்கும் முதலாம் ஆண்டில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளை வகுத்து, தொடக்க வகுப்புகளில் விளையாட்டுக்கே கூடிய இடம் கொடுத்தது. முதலாம் ஆண்டுக்கே அப்படியென்றால், அதற்கு முந்திய பிள்ளையை மேசையோடு கட்டி வைக்க எமக்கு என்ன நியாயம்?

தொடுதிரை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. அது பெரிய வகுப்புகளுக்குப் போகட்டும். பாலருக்கு ஒரு கூரைக்கொட்டகை, மணலுக்கு ஒரு தொட்டி, கை கழுவச் சிறுவர் உயரத்தில் ஒரு நீர்க்குழாய், ஊரில் ஓலை இழைக்கத் தெரிந்த அம்மா ஒருவரை வாரத்தில் ஒரு நாள் அழைப்பதற்கு ஒரு சிறு கொடுப்பனவு. செயற்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இவ்வளவே.

வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்பும் சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறோம். நிறந்தீட்டும் புத்தகங்கள் இனி வேண்டாம், அலுமாரி நிறைந்துவிட்டது. நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல்கள் அனுப்புங்கள். அவற்றில் சில இடக்கைப் பிள்ளைகளுக்கு உரியனவாக இருக்கட்டும். எமது காலத்தில் இடக்கையால் வெட்டிய பிள்ளையின் கையில் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று இந்த மலரை வாசிக்கிறார்கள்.

அடுத்த கண்காட்சியில் பாலர் மேசைக்கு வாருங்கள். காது விழுந்த முயலை யாரும் நிமிர்த்தாமல் வைத்திருக்கும்படி ரீச்சர்மாரிடம் சொல்லியிருக்கிறோம். அதைச் செய்த பிள்ளை பக்கத்தில் நிற்கும். இது என்ன என்று கேளுங்கள், அது சொல்லும்.